மலாயாப் பென்சனியரும் மரக்கறி நாயும்

இணுவிலில் அந்தக் காலத்தில் தம்பிஐயாக்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்தத் தம்பிஐயாவை ஊரார் மலாயாத் தம்பிஐயா என்றார்கள். அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்து வேதத்தை விட்டுவிட்டு இங்கிலீசை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறிய சைவப் பொடியன்களில் அவரும் ஒருவர். மீசை முழுதாக அரும்புமுன் மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பானில் ரெயில்வேக் கந்தோரில் கிளார்க்காக உட்கார்ந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் பென்சனோடுதான் எழுந்து வந்தார்.

இடையில் ஒரு லீவுக்கு வந்தபோது மகாதேவியைக் கலியாணம் செய்தார். அடுத்த லீவுக்கு வந்தபோது மகள் நடந்து வந்து, இந்த மாமா யார் என்று தாயிடம் கேட்டாள். கடைசி லீவு அந்த மகளின் கலியாணத்துக்கு. ஒவ்வொரு முறையும் மகாதேவி வடை பாயாசத்தோடு சமைத்தாள். அவரும் விருந்தாளிபோலச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார். பணம் மலாயாவிலிருந்து வந்ததென்றாலும், கல்வீடு கட்டியதும் கிணற்றை ஆழமாக்கியதும் பசு வளர்த்ததும் புகையிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு நிமிர்த்தியதும் மகாதேவிதான். ஆகவே அவர் நிரந்தரமாக வந்திறங்கியபோது வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் மிச்சமிருக்கவில்லை.

வேலையில்லாத மனிதர் யோசனை சொல்லத் தொடங்கினார். கிணற்றுத் துலாக்கயிற்றை இப்படி முடியக்கூடாது, விறகை இப்படி அடுக்கக்கூடாது, குசினிப் புகைக்குச் சுவரில் ஒரு ஓட்டை விடவேண்டும், சிரம்பானில் எங்கள் துரை வீட்டில் அப்படித்தான். மகாதேவி எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பாள். பிறகு கயிற்றை முன்போலவே முடிவாள். அவளுடைய "ஓம்" ஒரு வேலிப் படலையைப்போல, மரியாதையாகச் சாத்திக்கொள்ளும்.

இந்த வீட்டில் தம்பிஐயா சொன்னபடி கேட்கும் ஒரேயொரு சீவன் மேஜர் என்ற நாய். மாற்றலாகிப் போன ஒரு பறங்கி உத்தியோகத்தர், இது சாதிநாய் என்று சொல்லிக் குட்டியாகக் கொடுத்தது. வளர வளர ஒரு காதில் மட்டும்தான் சாதி தெரிந்தது. மற்றக் காது இணுவில் நாய்களின் காதுபோல மடிந்து கிடந்தது. ஆனால் மேஜருக்கு இங்கிலீசு மட்டும்தான் விளங்கும் என்பதில் தம்பிஐயாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "சிற்" என்றால் குந்தி இருக்கும், "கம்" என்றால் வரும். காலையில் கதிரையைப் போட்டுப் பேப்பரை விரித்து, ஐரோப்பாவில் நடப்பதையெல்லாம் அவர் இங்கிலீசில் எடுத்துச் சொல்ல, மேஜர் காலடியில் கிடந்து கேட்கும். கந்தோரை விட்டபிறகு அவர் பேச்சை முடிவுவரை கேட்டது அந்த நாய்தான்.

மேஜரிடம் ஒரேயொரு குறை. கந்தசாமி கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில், முட்டைகூட ஏறாத ஒரு சைவ வீட்டில் வளர்ந்துகொண்டு, அதற்கு மீனோ இறைச்சியோ, ஏதாவது மச்சம் வேண்டியிருந்தது.

வேலிக்கு அப்பால் அற்புதராணி ரீச்சர் வீடு. கிறிஸ்து வேதக்காரர். அரியாலையிலிருந்து மீன்காரன் சைக்கிளில் வந்து அவர்களுடைய படலையில் மணியடித்தால், இந்தப் பக்கம் பருப்புச் சோற்றை முகர்ந்துகொண்டு நிற்கும் மேஜர் வேலி ஓலையைப் பிரித்துவைத்த பொட்டுக்குள்ளால் நுழைந்து மறைந்துவிடும். திரும்பி வரும்போது வாய் மணக்கும். மகாதேவி அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாள், அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று வீடு கழுவி விளக்கேற்றியிருந்தது. மகளின் மாமியார், கொக்குவில் சம்பந்தியம்மா, கோயிலுக்கு வந்த வழியில் எட்டிப்பார்த்து, கூடத்தில் பாயில் இருந்தார். மேஜர் வந்தது. புதிதாக வந்தவருக்கு மரியாதை செய்ய நினைத்ததோ என்னவோ, ஒரு பாரைமீன் தலையைச் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலைக் கரையருகே பக்குவமாக வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

மகாதேவி சம்பந்தியம்மாவைப் படலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பிறகு. "கோயில் கொடியேத்தத்துக்கு முதல் உந்த நாய் ஒண்டில் மச்சம் மறக்கவேணும், இல்லாட்டி நீர்வேலிக்குப் போகவேணும். ஐயம்பிள்ளை வாழைத் தோட்டத்துக்கு ஒரு நாய் கேட்டவன்."

ஐயம்பிள்ளை அவளுடைய தம்பி.

"ஐயம்பிள்ளைக்கு இங்கிலீசு தெரியாதே," என்றார் தம்பிஐயா.

"வாழைக்குலை களவெடுக்கிறவனுக்கும் தெரியாது. சாமி எங்கடை படலையாலை வரேக்கை நிறைகுடத்தடியிலை மீன்தலை கிடந்தால் நான் ஊரிலை முழிக்கிறேல்லையோ?"



தம்பிஐயா முதலில் நாயைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். அது ஊளையிட்டது, ஊளை சாவுக்கு அறிகுறியென்று தெருவில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். பலாக்கொட்டையை அவித்து, இறைச்சி என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். மேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தது. இரண்டு மூன்று நாள் கதிரையில் பேப்பரை விரிக்காமலே இருந்தவர், திடீரென எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தார். சிரம்பான் துரையின் பெண்சாதி தன் நாய்களுக்குக் கையால் ஊட்டிய வெள்ளைக் கட்டி அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"பாற்கட்டி!" என்றார். "பச்சைப் பாற்கட்டி. காய்ச்சின பாலிலை தேசிப்புளி விட்டுத் திரைய வைச்சு, துணியிலை வடிச்சுத் தூக்குறது. பாலிலை இருந்து வாறபடியால் மரக்கறி. நாய்க்கு இறைச்சி தின்னுறமாதிரி இருக்கும். உமக்கும் பிரச்சினையில்லை, மேஜருக்கும் பிரச்சினையில்லை."

மகாதேவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பாலைத் திரைய வைக்கப் போறியளோ?"

"ஓம்."

"வேணுமெண்டு?"

"வேணுமெண்டுதான்."

"பால் தானாய்த் திரைஞ்சாலே என்ன நடக்கப்போகுதோ எண்டு நெஞ்சு இடிக்கும். வேணுமெண்டு ஆரும் செய்வினமே? பசு பார்த்துக்கொண்டு நிக்குது."

"பசுவுக்கு என்ன தெரியும்?"

"தன்ரை பாலுக்கு என்ன நடக்குதெண்டு தெரியும். மடி வத்தினால் உங்கடை துரைச்சாணி வந்து கறந்து தருவாவோ?"

பேச்சு ஒரு பகல் நீண்டு, கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. குசினிக்குள் கூடாது. வெள்ளிக்கிழமையில் கூடாது. பசுவின் கண்ணில் படக்கூடாது. தம்பிஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். மாட்டுக்கொட்டில் பக்கத்தை ஒரு கிடுகுத் தட்டியால் மறைத்தார். வாழ்நாளில் அடுப்புப் பற்றவைத்திராத மனிதர் முதல்நாள் பாலை அடிப்பிடிக்க விட்டார். அடுத்தநாள் தேசிப்புளியென்னும் எலுமிச்சைச் சாற்றை அள்ளி விட்டு, ரப்பர்போல ஒன்றை எடுத்தார். மகாதேவி தண்ணீர் அள்ள வருபவள்போல வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் பால் சொன்னபடி கேட்டது. பழைய வேட்டித் துண்டில் வடித்து மாதுளங்கொப்பில் தூக்கித் தொங்கவிட்டார்.

வேலிக்கு மேலால் அற்புதராணி ரீச்சரின் தலை தெரிந்தது.

"என்னண்ணை, பிள்ளைக்கு ஏணை கட்டியிருக்கிறியள்? இந்த வயதிலை வீட்டிலை ஏதும் விசேஷமோ?"

"சீஸ், ரீச்சர். பச்சைச் சீஸ்."

"ஆருக்கு?"

"மேஜருக்கு."

"நாங்கள் அதைத் தகரப்பேணியிலைதான் கண்டிருக்கிறம். அதுவும் நத்தார்ப் பண்டிகைக்கு." ரீச்சர் மாதுளையடியில் நாக்கைத் தொங்கவிட்டுக் காத்திருந்த நாயைப் பார்த்தார். "குடுத்துவைச்ச பிறவி. நான் நாளைக்குத் தொடக்கம் இந்தப் பொட்டாலை உங்கடை பக்கம் வரட்டோ?"

மேஜருக்குப் பாற்கட்டி பிடித்துவிட்டது. மீன்காரனின் மணி கேட்டாலும் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு மாதுளையடியிலேயே கிடந்தது. ஊரில் இதைப்பற்றி இரண்டு கட்சி உண்டாயிற்று. வாசிகசாலையில் ஒரு கட்சி நாய்க்குப் பாலில் செய்தது ஆகாது, மயிர் கொட்டும் என்றது. மற்றக் கட்சி, மலாயாப் பணம் மலாயா நாய், அவருக்கு மயிர் கொட்டினாலும் நமக்கென்ன என்றது. தம்பிஐயா அசையவில்லை. தேசிக்காயளவு கட்டி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உப்பு ஒரு கல்லும் சேர்க்கக்கூடாது. துரைச்சாணி அப்படித்தான் கொடுத்தாள். மாலையில் அவர் வாசிகசாலைக்குப் போய்விடுவதால் இரண்டாவது கட்டியைத் துணியில் சுற்றி மகாதேவியிடம் விட்டுப்போவார்.

அங்கேதான் கதை பிசகியது.

மகாதேவி முதல்நாள் அந்தக் கட்டியில் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பில்லை. அவளுடைய கையால் இதுவரை யாருக்கும் உப்பில்லாமல் எதுவும் கொடுபட்டதில்லை. பிச்சைக்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சிக்கும் உப்புப் போட்டுத்தான் கொடுப்பாள். அந்த ஊரில் உப்பில்லாமல் வைப்பது செத்தவருக்கு வைக்கும் பிண்டம் ஒன்றுதான். உயிரோடு வாலாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சீவனுக்கு முன்னால் பிண்டத்தை வைப்பதா? நாயை அவளுக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். அவள் ஒரு சிட்டிகை உப்புத் தூவினாள்.

அடுத்த நாள், வெறும் உப்பு மட்டும் போட்டுக் கொடுப்பதும் அரைகுறை வேலையாகத் தெரிந்தது. தாச்சியை வைத்து நல்லெண்ணெய் விட்டுக் கடுகு வெடிக்கவிட்டாள். பிறகு கறிவேப்பிலை. பிறகு செத்தல் மிளகாய். பிறகு சின்னவெங்காயம், முதலில் இரண்டு, பிறகு கைநிறைய; பொன்னிறமாக வதக்கிப் பாற்கட்டியைப் போட்டுப் பிரட்டினால் குசினியே மணத்தது. மேஜர் தாச்சியையும் நக்கியது. மகள் கலியாணமாகிப் போனபிறகு வருஷக்கணக்காகத் தனியாக ஒரு வாய்க்கு உலைவைத்தவளுக்கு, தன் கைச்சமையலை இப்படி ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்து நிற்பது நன்றாகத்தான் இருந்தது. "சுடுது, பொறு," "இரு," "போதும் மேஜர், வயிறு நோகும்," என்று அவளும் கதைக்கத் தொடங்கினாள்.

தம்பிஐயா ஒரு காலை நாயிடம் "சிற்" என்றார். மேஜர் நின்றது. மறுபடி சொன்னார். நின்றது. கொட்டிலிலிருந்து பால்செம்போடு வந்த மகாதேவி போகிற போக்கில் "இரு" என்றாள். மேஜர் குந்தி இருந்தது.

"தமிழ் ஆர் பழக்கினது?" என்று கேட்டார் தம்பிஐயா.

"இணுவிலிலை இருந்தால் காத்திலை வரும்," என்று சொல்லிக்கொண்டே மகாதேவி குசினிக்குள் போய்விட்டாள்.

கொடியேற்றத்துக்கு நாள் நெருங்கிவந்தபோது ஒரு விடியற்காலை மேஜர் மாதுளையடியில் இல்லை. கிணற்றடிச் சேற்றில் கிடந்தது. தொட்டித் தண்ணீரைக் குடிப்பதும் உடனே அதை வெளியே சத்தியெடுப்பதுமாக இருந்தது. வயிறும் கழன்றுவிட்டது. தம்பிஐயா "கம்" என்றார். அது கண்ணை மட்டும் உயர்த்தியது.

அவர் கிணற்றுக் கட்டின்மேல் குந்திவிட்டார்.

"நான்தான் செய்து போட்டன்," என்றார் தமிழில். "ஊரிலை சொன்னவங்கள். நான்தான் கேக்கேல்லை."

மகாதேவி கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளுடைய மனதில் வெங்காயம் வரவேயில்லை. வெங்காயம் யாரையாவது என்ன செய்யும்? பால் திரைந்த பாவம் பசுவை விட்டு நாயில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பாவத்தில் தனக்கும் ஒரு தாச்சி பங்கு உண்டென்று தோன்றியதால், "பாலைத் திரைய வைக்காதேங்கோ எண்டு சொன்னனான்" என்று வழக்கம்போலச் சொல்லவும் முடியவில்லை.

"டாக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ," என்றாள். "நீர்வேலிக்கு அனுப்புறதெண்டாலும் உயிரோடை அனுப்பவேணும்."

தம்பிஐயா பட்டினத்துக்குப் போய் மிருக வைத்தியர் லியோனைக் கையோடு கூட்டிவந்தார். லியோன் வழக்கமாக மாட்டுக்கும் வண்டில் குதிரைக்கும் பார்ப்பவர். நாய்க்கென்று இவ்வளவு தூரம் கூப்பிட்டதில் அவருக்கே ஆச்சரியம். மேஜரின் வயிற்றை அமர்த்தினார், வாயைத் திறந்து பல்முரசைப் பார்த்தார்.

"என்ன தின்னக் குடுக்கிறனீங்கள், ஐயா?"

"சோறு, பருப்பு. அதோடை பச்சைப் பாற்கட்டி."

"உப்புப் போட்டதோ?"

"சத்தியமாய் இல்லை. வெறும் பால், தேசிப்புளி. தேசிக்காயளவுதான். எங்கடை துரை வீட்டிலை..."

லியோன் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, நாய் எடுத்த சத்தியைக் கிளறினார். கிளறியவர் குனிந்து பார்த்தார்.

"ஐயா, மலாயாவிலை பாற்கட்டிக்குக் கடுகு தாளிக்கிறவையோ?"

தம்பிஐயா எட்டிப்பார்த்தார். கடுகு இருந்தது. கறிவேப்பிலை இருந்தது. வெங்காயச் சுருள்கள் தாராளமாக இருந்தன. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கிணற்றடியில் நின்ற மகாதேவி, சேலைத் தலைப்பால் சுத்தமாக இருந்த வாளியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பில்லாமல் ஒரு சீவனுக்கு என்னெண்டு குடுக்கிறது?" என்றாள் வாளியைப் பார்த்து. "பிண்டமே?"

"அம்மா," என்றார் லியோன், "மனிசருக்கு உது அமிர்தம். நாய்க்கு உப்பும் மிளகாயும் கூடாது. வெங்காயம் அதைவிடக் கூடாது, அது நாயின்ரை இரத்தத்தையே பழுதாக்கும்."

"அப்ப பால் திரைஞ்ச பாவம் இல்லையோ?"

"இல்லை. வெங்காயம்தான்."

"பாற்கட்டி?" என்று கேட்டார் தம்பிஐயா. குரல் மெல்ல எழும்பியது.

"வெறும் பாற்கட்டி பிழையில்லை. ருசிக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பதிலாய் அதையே குடுக்கக்கூடாது. சில நாய்க்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு இளகினால் உடனை நிப்பாட்டவேணும். இப்ப கொஞ்ச நாளைக்கு உப்பில்லாத கஞ்சி மட்டும். முரசு வெளிறிக்கொண்டு வந்தால் எனக்கு ஆள் அனுப்புங்கோ." சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பினார். "இன்னொண்டு. இதுக்கு இடைக்கிடை ஒரு துண்டு மீனும் வேணும். உங்கடை வீட்டிலை அதைச் சொல்லக்கூடாது, ஆனால் நான் நாய்க்குத்தானே டாக்குத்தர்."

அன்றைக்குத் தம்பிஐயாவுக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. வந்திறங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் பிழை முழுவதும் மகாதேவியின் பக்கம் இருந்தது அன்று ஒருநாள்தான். அவரும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லவேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டார். மகாதேவி கஞ்சிக் கோப்பையோடு வந்து நாயருகில் குந்தினாள். உப்பில்லாத கஞ்சி. அதை நாய்முன் வைக்க அவளுடைய கை தயங்குவதை அவர் பார்த்தார்.

"வெங்காயம் போட்டது," என்றார் கடைசியில், "நல்லாய் இருந்ததோ?"

"நாய்க்கு நல்லாய்த்தான் இருந்தது."

"எனக்கு ஒருக்காலும் தரேல்லையே, நீர்."

"நீங்கள் கேட்டனீங்களே? நீங்கள் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தனீங்கள், ஒண்டும் கேக்கேல்லை."

அடுத்த நாள் மத்தியானம் பழைய கட்டியில் மிஞ்சியிருந்தது முழுவதும் தாச்சியில் வதங்கி அவருடைய வாழையிலைக்கு வந்தது. அவர் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். சிரம்பானைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மேஜரின் முரசு வெளிறவில்லை. கஞ்சி குடித்து, எழும்பி, நடந்தது. நடக்கத் தொடங்கியதும் வேலிப் பொட்டைப் பார்த்து நின்றது. மகாதேவி அதைப் பார்த்தாள். பிறகு தானே பொட்டடிக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"ரீச்சர், நான் ஒண்டும் கேக்க வரேல்லை. எங்கடை வீட்டிலை மச்சத்தைப் பற்றி நான் கதைக்கிறதும் இல்லை. ஆனால் நாய் அந்தப் பக்கம் வந்து, நீங்களாய் ஏதும் குடுத்தால், நான் காணப்போறதில்லை."

"சரி, அக்கா."

"முள்ளு எடுத்துப் போட்டு."

"சரி."

"வெறும் தண்ணியிலை அவிச்சது. உப்பும் வேண்டாம், தூளும் வேண்டாம். வெங்காயம் கண்ணிலையும் காட்டாதேங்கோ. தலையைக் குடுத்து அனுப்பிப் போடாதேங்கோ, அங்கையே தின்னட்டும்."

"நீங்கள் காணாத மீனை என்னெண்டு அவிக்கிறதெண்டும் சொல்லித் தாறியளே, அக்கா!" என்று ரீச்சர் சிரித்தார்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஐயம்பிள்ளை நீர்வேலியிலிருந்து கோயிலுக்கு வாழைக்குலைகளோடு வண்டில் கொண்டுவந்தான். வரும்போதே கையில் புதுக்கயிறு. தம்பிஐயா கயிற்றைக் கண்டதும் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். 

"அக்கா, நாய் எங்கை? வெய்யில் ஏறமுதல் வெளிக்கிடவேணும்."

"நாய் வராது," என்றாள் மகாதேவி.

"ஏன், மச்சம் மறந்திட்டுதோ?"

அந்த நேரம் பார்த்து மேஜர் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தது, வாயை ஒரு பக்கமிருந்து மற்றப் பக்கம் நக்கிக்கொண்டு. மகாதேவி அதன் கழுத்தைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரால் வாயைக் கழுவி, துடைத்தும் விட்டாள். தம்பிஐயா மெல்ல "கம்" என்றார். மேஜர் அவரைப் பார்த்தது; அவள் துடைத்து முடிக்கும்வரை அசையவில்லை.

"படலைக்கு இந்தப் பக்கம் மறந்திட்டுது," என்றாள் மகாதேவி.

"அப்ப என்ரை தோட்டத்துக்கு என்ன செய்யிறது? இரவிலை குலை ஒண்டும் மிஞ்சுதில்லை."

"அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. கள்ளனுக்கு மலாயாக் கதையைத் தொடங்கினாரெண்டால், அவன் விடியுமட்டும் குலையிலை கை வைக்கான்."

ஐயம்பிள்ளை கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தானைப் பார்த்தான். தம்பிஐயா பேப்பரை அவசரமாக விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது. அதன் பின்னாலிருந்து வந்த அவருடைய சிரிப்பில் பேப்பர் மெல்லக் குலுங்கியது.